ஓராண்டு ஓவியக் கணக்கு: நம்மவர் முகங்களை உயிரோடு இருக்கும்போதே ஏன் வரையச் சொல்வதில்லை?

கரிக்கோல் (பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு சனவரியில் அலுவலக வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஓவியம் வரையத் தொடங்கினேன் என்பதை இங்குள்ள சிலர் அறிவீர்கள். ஆண்டு முடிந்ததும், கடைக்காரர் பேரேட்டைக் கூட்டிப் பார்ப்பதைப் போல, என் குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். உருவப்படங்கள் 17. நிலக்காட்சிகள் 31, அவற்றுள் 9ஐ நானே கிழித்துவிட்டேன். பங்கேற்ற கண்காட்சிகள் 4: ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி, ஒரு பேரங்காடியின் நடுக்கூடம், ஒரு பள்ளி மண்டபம், பழைய பேருந்துப் பணிமனையில் இயங்கும் கலை மையமான ஹின் பஸ் டிப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை. நான்காவதைக் கண்காட்சி என்று சொல்லக்கூடாது என்று என் மனைவி சொல்கிறார். ஆனால் மற்ற மூன்றையும் சேர்த்து வந்ததைவிட அதிக வருமானம் அந்த மேசையில்தான் வந்தது.

என்னை உறுத்தும் செய்தி வேறு. அந்த 17 உருவப்படங்களில் 13 இறந்துபோனவர்களுடையவை. எல்லாம் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை. உயிருள்ள ஒருவர் என் முன்னால் நாற்காலியில் அமர்ந்து நான் வரைந்தது ஆண்டு முழுவதும் இரண்டே முறை. அவர்களில் ஒருவர் என் மாமனார், மற்றவர் சுற்றுலாவுக்கு வந்த ஒரு வெளிநாட்டு மூதாட்டி. நிலக்காட்சிகளோ 11 விற்றன, ஆனால் வாங்கியவர்களில் தமிழர் ஒருவர் மட்டுமே. பேரங்காடிக் கண்காட்சியில், இங்குள்ள லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்திரீட்டில் மாலை கட்டும் ஒரு பெண்மணியின் முகத்தைப் பெரிய அளவில் வைத்திருந்தேன். நினைவிலிருந்தும் விரைவுக் கோட்டுச் சித்திரங்களிலிருந்தும் வரைந்தது. பத்து நாள்களில் பலர் அதன் முன்னால் நின்றார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், பிறகு பக்கத்தில் இருந்த படகுத்துறைக் காட்சியை விலை கேட்டார்கள். நம்மவர் முகம் சுவரில் விலைபோகாது என்பது உண்மைதானா, அல்லது என் கை இன்னும் பழுக்கவில்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) எழுதியது:

தம்பி, மழுப்பாமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். நீங்கள் முன்பு இங்கே ஏற்றிய மாலைக்காரப் பெண்மணியின் படத்தைப் பார்த்தேன். முகம் நன்றாக இருந்தது, நிறம் சரியில்லை. கருத்த தோலை வரைய நீங்கள் பழுப்பில் வெள்ளையைக் கலந்திருக்கிறீர்கள், அதனால் தோலின் மேல் மாவு தூவியதைப் போல ஆகிவிட்டது. செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் கலந்தால் கிடைக்கும் இருளிலிருந்து தொடங்குங்கள். கறுப்புக் குழாயைத் திறக்கவே வேண்டாம். நம் தோலில் மினுங்கும் இடம் வெண்மையாக இருப்பதில்லை. வெளியில் நின்றால் வானத்தின் நீலத்தையும், கடைக்குள் நின்றால் குழல்விளக்கின் பச்சை கலந்த குளிர்ச்சியையும் அது வாங்கிக் காட்டும். இதை நான் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை, இங்குள்ள கைவினைச் சந்தையான பாசார் செனியில் பல ஆண்டுகள் கரிப்படம் வரைந்து கற்றுக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி. பாசார் செனியில் வெளிநாட்டுப் பயணிகள் தயங்காமல் வந்து உட்காருவார்கள். இருபது நிமிடத்தில் ஒரு முகம் முடிந்துவிடும். நம்மவர்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், சிரிப்பார்கள், பிறகு கைப்பைக்குள்ளிருந்து நெகிழியுறை போட்ட ஒரு பழைய ஒளிப்படத்தை எடுத்து, 'அப்பாவை வரைந்து தருவீர்களா?' என்று கேட்பார்கள். முன்பின் அறியாதவர் உற்றுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருப்பது நமக்குக் கூச்சமான காரியம். கண்ணேறு பற்றிய அச்சமும் இருக்கிறது. உயிருள்ளவரின் படத்தை வரைந்து சுவரில் மாட்டினால், அடுத்து மாலை போட வேண்டியதுதான் என்று ஒரு பாட்டி என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மலர்விழி (பட்டர்வொர்த்) எழுதியது:

செந்தூல் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கண்ணேறுதான் காரணம் என்றால், நம் வீட்டுக் கூடங்களில் உயிருள்ள அப்பா அம்மாவின் திருமணப் படமும், பட்டமளிப்பு விழாப் படமும் இவ்வளவு பெரிதாகத் தொங்குமா? முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள் என்ற முறையில் என் எண்ணம் இது: உயிருள்ளவரின் முகத்தை நாம் ஒளிப்பட நிலையத்திடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டோம். திரைச்சீலைக்கு முன்னால், பிளாஸ்டிக் பூச்சாடியோடு, பட்டுச் சேலையில் நிற்பதுதான் நமக்கு 'உருவப்படம்'. ஒளிப்படக் கருவி எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான், இறந்தவர். நல்ல படம் எடுப்பதற்கு முன்பே போய்விட்டவரைத் திரும்பக் கொண்டுவர மட்டும் ஓவியரைத் தேடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலேசிய ஓவியத்தின் தந்தை என்று பலர் குறிப்பிடும் யோங் முன் சென் (1896–1962) கூச்சிங்கில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு அவர் நடத்தியது ஒளிப்பட நிலையம். நீர்வண்ணத்தில் அவர் வரைந்த கடற்கரைகளும் மீனவர்களும் இன்று கலைக்கூடங்களில் இருக்கின்றன. தம்பி கரிக்கோல் வருத்தப்பட வேண்டாம், இந்த ஊரில் ஓவியமும் ஒளிப்படமும் நெடுங்காலமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன.

விலையையும் யாராவது சொல்லியாக வேண்டும். நம் குடும்பத்தில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு படம் வாங்குவது என்றால் அதற்கு ஒரு சடங்குக் காரணம் தேவைப்படுகிறது. இறந்தவர் படத்துக்கு அந்தக் காரணம் தானாகவே அமைந்துவிடுகிறது.

கரிக்கோல் எழுதியது:

ஐயா, மாவு தூவியதைப் போல என்று நீங்கள் சொன்னது சுருக்கென்றது. ஆனால் படத்தை மறுபடி பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. இதில் என் கையின் குறையோடு வாடிக்கையாளர்களின் பழக்கமும் கலந்திருக்கிறது. 13 குடும்பங்களில் 8 குடும்பத்தார், 'கொஞ்சம் நிறமாக வரையுங்கள்' என்று கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் வெயிலில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய ஒரு தாத்தாவை, அலுவலக எழுத்தர் நிறத்துக்கு நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மகள் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார். மூத்த மகன் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'சட்டை அப்பாவுடையதுதான்' என்று சொன்னார். அதற்குப் பிறகு யாருக்காகவும் நான் நிறத்தை மாற்றவில்லை; அதனால் ஒரு வேலை கைநழுவியது.

மலர்விழி அக்கா சடங்கைப் பற்றிச் சொன்னதால், எனக்கு ஏற்பட்ட தொழில் சிக்கலையும் எழுதுகிறேன். பெரும்பாலோர் பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் வேண்டும் என்கிறார்கள். செய்தி சொல்லி, படம் தேடியெடுத்து, என்னிடம் வந்து சேர்வதற்குள் ஆறேழு நாள்கள் போய்விடும். எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து இறுகினால்தான் அது காயும். பழுப்பு மண் நிறமான அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்ந்துவிடும். டைட்டானியம் வெள்ளையோ நாள்கணக்கில் பிசுபிசுக்கும். நம் தாத்தாக்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை! முதல் படத்தை ஈரத்தோடு கொடுத்துவிட்டு, ஊதுபத்திச் சாம்பல் ஒட்டிக்கொண்டது என்று திரும்பி வந்த பிறகு, காரியத்துக்கான படங்களை விரைவில் காயும் அக்ரிலிக் வண்ணத்தில் மட்டுமே செய்கிறேன். பொறுக்க முடிந்தவர்களுக்கு, ஓராண்டுத் திதிக்கு எண்ணெய் வண்ணத்தில் செய்து தருவதாகச் சொல்கிறேன், இருவர் ஒப்புக்கொண்டார்கள்.

மூலப்படம் இன்னொரு தொல்லை. 6 பேருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இருட்டறை (ஈப்போ) எழுதியது:

நான் ஒளிப்படக்காரன், ஓவியம் அறியேன். ஆனால் அடையாள அட்டைப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல முடியும். அங்கே ஒளி முகத்துக்கு நேராக விழும். மூக்குக்கு நிழல் இல்லை, கன்ன எலும்புக்கு மேடு இல்லை. அதைப் பெரிதாக்கி வரைந்தால் எந்தத் திறமைசாலிக்கும் முகம் தட்டையாகத்தான் வரும். அந்தக் குடும்பத்தில் தாத்தாவின் எலும்பமைப்பு யாருக்கு வந்திருக்கிறது என்று கேளுங்கள்; தம்பியோ, மகனோ, பேரனோ ஒருவர் இருப்பார். அவரைச் சன்னலோரம் உட்கார வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அடையாளத்தை மட்டும் அட்டையிலிருந்து எடுங்கள். கைப்பேசியில் கிட்டத்தில் எடுத்த படம் தந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்: அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மலர்விழி எழுதியது:

இருட்டறை சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இறந்த தாத்தாவுக்காகப் பேரன் ஒரு மணிநேரம் சன்னலோரம் உட்காருகிறான் என்றால், தம்பி கேட்ட 'உயிருள்ள முகம்' அங்கேயே கிடைத்துவிடுகிறதே! அந்தப் பேரனையும் ஒரு சிறிய தாளில் வரைந்து, சும்மாவே கொடுத்தனுப்புங்கள். அடுத்த வேலை எங்கிருந்து வருகிறது என்று பிறகு பாருங்கள்.

கரிக்கோல் எழுதியது:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. வரும் மாதமே செய்து பார்க்கிறேன்.

புதுத்தூரிகை (கிள்ளான்) எழுதியது:

பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். நான் வார இறுதிகளில் மட்டும் வரைகிறவள். நல்ல ஒளி வேண்டுமானால் வடக்குப் பார்த்த சன்னலின் அருகில் வரைய வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. என் வீட்டில் அப்படி ஒரு சன்னல் இருந்தும் காலை வெயில் தாளின் மேல் விழுகிறது. நூல் தவறா, வீடு தவறா? அண்ணன் நிலக்காட்சிகளைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்.

கரிக்கோல் எழுதியது:

நூலும் தவறில்லை, வீடும் தவறில்லை. நூல் எழுதப்பட்ட ஊர்தான் வேறு. ஐரோப்பாவில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்குச் சன்னலில் நாள் முழுவதும் நிலையான ஒளி கிடைக்கிறது. பினாங்கு வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 5.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய், செப்டம்பர் முதல் பாதியில்தான் திரும்புகிறது. கிள்ளான் இன்னும் தெற்கே இருப்பதால் உங்களுக்கு அது சில நாள்கள் முன்பே போய், சில நாள்கள் பிந்தித் திரும்பும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக வடக்குச் சன்னலுக்குள் நுழையத்தான் செய்யும். நான் சென்ற ஆண்டு மே மாதம் வரை இது தெரியாமல் திரைத்துணி மாட்டி அல்லாடினேன். பிறகு படம் வரையும் தாங்கியைத் தெற்குச் சன்னலுக்கு மாற்றினேன். அக்டோபரில் மறுபடி வடக்குக்குத் திரும்பினேன். வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கு இருமுறை குடிபெயர்கிற தொழில் இது.

வெளியில் வரைவதென்றால் கடிகாரத்தை நம்பாதீர்கள். தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 முதல் கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருப்பதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது பகல் ஒன்றேகால் ஆகிவிடுகிறது. பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் நிழல் காலடியிலேயே சுருண்டுகிடக்கும். கட்டடங்கள் அட்டைப்பெட்டிகளாகத் தெரியும். மனிதரை வரைந்தால் கண்குழிகள் இரண்டும் கறுத்துவிடும். நான் ஏழரைக்குப் போய்ப் பத்துக்குத் திரும்பிவிடுவேன், அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் போவேன். கடலோரத் திடலான பாடாங் கோத்தாவில் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே காலை எட்டு மணிக்கு விழும் பச்சை ஒளிக்காக மட்டும் மூன்று வாரங்கள் தொடர்ந்து போனேன். அந்தப் பச்சை எந்தக் குழாயிலும் இல்லை. மஞ்சளும் நீலமும் கலந்து, அதைத் துளிச் சிவப்பால் அடக்கினால்தான் அருகில் வருகிறது.

நீர்வண்ணம் இங்கே ஈரக்காற்றில் காய மறுக்கும், அக்ரிலிக்கோ வெயிலில் தட்டிலேயே தோலாகிவிடும். பாலிக் புலாவ் வயல்வெளியில் ஒரு நாள் இரண்டையும் எடுத்துச் சென்று இரண்டாலும் தோற்றுத் திரும்பினேன். கிழித்த 9இல் 3 அந்த நாளுடையவை. புகைமூட்டம் வரும் நாள்களில் மட்டும், மூச்சுக்குக் கேடு என்றாலும், மலையடுக்குகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து நின்று பாடம் நடத்துகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு எதிரி பூஞ்சைதான். தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைப்பதும், சட்டகத்தின் பின்பக்க மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுவதும், இந்த நாட்டில் தூரிகை வாங்குவதற்கு முன்பே கற்க வேண்டியவை. அலிசரின் சிவப்பையும் தவிர்த்துவிடுங்கள், அது ஒளியில் வெளுக்கும். குங்குமத்துக்கு அதைப் பயன்படுத்திவிட்டு நான் இப்போது வருந்துகிறேன்.

செந்தூல்வாசி எழுதியது:

ஒளியைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள் தம்பி, ஆனால் உங்கள் நிலக்காட்சிகளில் நான் பார்த்த பெரிய குறை அதுவன்று. அவற்றில் ஆளே இல்லை! மார்க்கெட் ஸ்திரீட்டை வரைந்திருக்கிறீர்கள், பாட்டுக்கடை இல்லை, பூக்கடை இல்லை, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒரு தலை இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை வரைந்திருக்கிறீர்கள், ஏறுகிறவர் எவரும் இல்லை. முகங்களை எல்லாம் வீட்டுக்குள் சுவரில் மாட்டிவிட்டு, தெருவைக் காலி செய்து விற்கிறீர்கள். வாங்குகிறவர்கள் காலித் தெருவைத்தான் வாங்குவார்கள். வேறு எதை வாங்க முடியும்?

ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வரைந்த பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் அச்சுத் தகட்டில் செதுக்க, 1821இல் அவை அச்சாகின. மலையும் கடலும் விரிந்து கிடக்க, மனிதர் எறும்பளவில் இருப்பார்கள். வந்து பார்த்துப் போகிறவரின் கண் அது. உள்ளூர்க்காரரின் கண்ணுக்கு உசேன் ஏனாஸ் 1962இல் வரைந்த புகையிலை பறிக்கும் பெண்களின் ஓவியத்தைப் பாருங்கள். உருவப்படத்துக்குப் பெயர் பெற்ற அவர், அங்கே முகத்தையும் வயலையும் பிரித்து வைக்கவில்லை. நம் கதையையே எடுத்துக்கொண்டாலும், மலேசிய ஓவியர் அனுரேந்திரா ஜெகதேவா தம் குடும்பத்தார் முகங்களையும் மலேசிய இந்தியரின் வாழ்வையும் வரைந்துதான் பெயர் பெற்றார். சென்னையில் கலை பயின்ற சையத் தாஜுதீன் 1972இல் வரைந்த இராமாயண ஓவியம் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முகம் விலைபோகாது என்று யார் சொன்னது?

ஜார்ஜ் டவுனிலேயே இந்தியப் படகோட்டி ஒருவரின் முகம் சுவர் நிறைய இருக்கிறது. அதை வரைந்தவர் ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண்மணி. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

மலர்விழி எழுதியது:

படகோட்டிச் சுவரை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். சுவரோவியத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் கூசாமல் நிற்கிறார்கள், ஏனென்றால் அது தெருவில் இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவர் ஒருமுறை கால்மணி நேரம் நின்றார்; நுழைவுக்கட்டணம் உண்டா, செருப்பைக் கழற்ற வேண்டுமா, வாங்காமல் வெளியே வந்தால் தவறாக நினைப்பார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி அவர். தம்பி, உங்கள் நான்கு கண்காட்சிகளில் ஒன்றிலாவது படத்தலைப்பு தமிழில் இருந்ததா? அழைப்பிதழ் லிட்டில் இந்தியாக் கடைகளுக்குப் போனதா? கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்களா? நம்மவர் வாங்கவில்லை என்று எழுதுவதற்கு முன், வந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

கரிக்கோல் எழுதியது:

இல்லை அக்கா. தலைப்புகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. ஏற்பாட்டாளர் கொடுத்த படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களே இருந்தன, மூன்றாவது கட்டத்தைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஏற்பாட்டாளர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நீளும். ஒருவர் விற்ற தொகையில் நூற்றுக்கு 40 எடுத்துக்கொண்டு, மீதியை ஐந்து மாதம் கழித்துக் கொடுத்தார். இன்னோர் இடத்தில் படம் மூலை நசுங்கித் திரும்பியது. இப்போது எதையும் அனுப்புவதற்கு முன் நான்கு மூலைகளையும் படம் பிடித்து, கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவு போதும்.

ஐயா சொன்னது இரண்டு நாள்களாக மண்டைக்குள் சுழல்கிறது. காலித் தெருவை வரைந்ததற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆள்கள் நகர்ந்துவிடுகிறார்கள், ஒளி போய்விடுகிறது. உண்மையில் நேராகப் பார்த்து வரைய எனக்கே கூச்சமாக இருந்தது. உட்காருகிறவர் கூச்சத்தைப் பற்றி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று மாலை மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போய், அந்த மாலைக்கார அம்மாவிடம், உங்களைத்தான் ஏற்கெனவே கேட்காமல் வரைந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'பூ நன்றாக வந்திருக்கிறது' என்றார். பிறகு, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வந்தால் கூட்டம் இருக்காது, கல்லாவுக்கு எதிரே முக்காலி போட்டுத் தருகிறேன், ஆனால் மாலை கட்டுகிற கையை நிறுத்தச் சொல்லக்கூடாது என்றார். பணம் வேண்டாமாம். கடைப் பெயர்ப்பலகை படத்தில் தெரிய வேண்டுமாம், எழுத்துப்பிழை இல்லாமல்.

செந்தூல்வாசி எழுதியது:

வெள்ளைக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மல்லிகைக்கு மட்டும் கொஞ்சம் தாளில் பிதுக்கி எடுத்துச் செல்லலாம்.